இறங்காத எண்

நல்ல செய்தி வந்த அன்றைக்குத்தான் அண்ணிக்கு முதல் சந்தேகம் வந்தது.

காலையில் பட்டறையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் நேரே கம்ப்யூட்டர் திரைக்குப் போனாள். எண் இறங்கவில்லை. முந்தின நாள் எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. அதற்கு முந்தின நாளும் அங்கேதான். இந்த எண் இறங்காமல் நிற்காதா என்று இரண்டு வருஷமாக ஏங்கிக் கிடந்தவள் அவள். ஆனால் நின்றதும் சந்தோஷம் வரவில்லை. முன்பின் தெரியாத ஆள் வாசலில் வந்து உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

அண்ணி என்பது அவள் பெயர் அல்ல. ஆனால் அந்தத் தொழிற்பேட்டையில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. பட்டறையில் அவளோடு வேலை பார்த்த ஒரே கூட்டாளி அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. அவள் நாள் பூராவும் அண்ணி, அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இரும்புக் கடைக்காரர், கூரியர்காரர், பக்கத்துச் சலவை நிலையத்துக்காரி எல்லோருக்குமே அவள் அண்ணி ஆகிவிட்டாள். நாத்தனாரை வீட்டில் சிட்டு என்பார்கள். சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்காராத பெண். மின்னணுவியல் படித்துவிட்டு, பெரிய கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஒருநாள் வேலையை விட்டு வந்து, "அண்ணி, உங்க உப்பு மணிக்கு நான் மீட்டர் செஞ்சு தர்றேன்" என்று உட்கார்ந்தவள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழ் கம்பெனி நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள், ஆறு மாசம் தாங்குமா என்று ஆளுக்கொரு கெடு வைத்தார்கள். எல்லாக் கெடுவும் தாண்டிப் போயிருந்தது.

உப்பு மணி என்பது சுட்ட களிமண்ணில் செய்த, பட்டாணி அளவுள்ள உருண்டை. உள்ளே நுண்ணிய துளைகளில் உப்பு ஏற்றியிருக்கும். சூடான காற்றில் காயவைத்தால் அது ஈரத்தை விட்டுவிட்டு வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டையாகக் கட்டி மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். பிறகு ஈரக்காற்றை ஊதினால், ஈரத்தைக் குடித்துவிட்டு, பிடித்து வைத்த வெப்பத்தைத் திருப்பித் தரும். தொழிற்சாலைகள் புகைபோக்கி வழியாக வானத்துக்கு அனுப்பும் வெப்பத்தைச் சாக்கில் கட்டி, குளிர்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்பது அண்ணியின் கனவு. கனவுக்கு ஒரே ஒரு ஓட்டை இருந்தது. காயவைத்து நனைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மணியிலிருந்து கொஞ்சம் உப்பு கசிந்துவிடும். கசியக் கசிய வெப்பம் குறையும். மணிகள் திருப்பித் தரும் வெப்பத்தின் அளவுதான் திரையில் இருந்த அந்த எண்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் அரசாங்கம் அவர்களுக்கு உதவி தந்திருந்தது. சின்னக் கம்பெனிகள் எரிசக்தியிலும் புதுத் தொழில்நுட்பத்திலும் ஆராய்ச்சி செய்வதற்கென்று ஒரு திட்டம். முதல் கட்டத்தில், யோசனை வேலை செய்யும் என்று காட்ட வேண்டும். காட்டிவிட்டால் இரண்டாம் கட்டம். அதில் உண்மையான இயந்திரமே கட்டலாம். பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், பதில் சொன்னால் போதும். ஆனால் சொல்கிற பதிலில் பொய் இருந்தால் அந்தக் கம்பெனி மட்டுமல்ல, அதில் இருந்த ஆட்களும் இனி எந்த அரசு வாசலிலும் நிற்க முடியாது. முதல் கட்டம் முடிய ஒன்றரை மாதம்தான் இருந்தது. மேற்பார்வையாளர் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அண்ணி சமீபத்தில் மணிகளுக்கு மேலே ஒரு புதுப் பூச்சு பூசிப் பார்த்திருந்தாள். உப்பு வெளியே கசியாமல் தடுக்கும் பூச்சு. அதைப் போட்ட பிறகுதான் எண் நின்றது. யாராக இருந்தாலும் பூச்சு பலித்துவிட்டது என்று துள்ளியிருப்பார்கள். ஆனால் அந்தப் பூச்சைப் பூசியவள் அண்ணி. அதன் லட்சணம் அவளுக்குத் தெரியும். குறைவை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். அடியோடு நிறுத்துகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

"பாத்தியா, இறங்கவே இல்ல," என்றாள் அண்ணி, சிட்டு வந்ததும்.

"ஆமா அண்ணி," என்றாள் சிட்டு. அவ்வளவுதான் சொன்னாள். ஒரு சின்ன சென்சார் சரியாக ஓடினாலே பட்டறை முழுக்க ஆடுகிற பெண், மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அது உறுத்தியது. அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் உறுத்தியது.

திரையில் பெரிதாகத் தெரிவது கடைசி ஒரு வாரத்தின் சராசரி. ஒவ்வொரு சுற்றின் விவரமும் உள்ளே இருக்கும். அண்ணி அதைத் திறந்து பார்க்கலாம் என்று ஒரு மதியம் உட்கார்ந்தாள். கடவுச்சொல் மாறியிருந்தது. கேட்டபோது, "ஏதோ வைரஸ் பயம் அண்ணி, மாத்தினேன், அப்புறம் தர்றேன்," என்றாள் சிட்டு. தரவில்லை. இரண்டு முறை அண்ணி பின்னால் போய் நின்றபோது சிட்டு திரையைச் சட்டென்று மாற்றினாள். சலவை நிலையத்துக்காரியோடு சுவரோரம் நின்று என்னவோ பேசிக்கொண்டிருந்தவள், அண்ணி வருவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். சலவைக்காரியிடம் பேச சிட்டுவுக்கு என்ன இருக்கிறது? ஓட்டல் படுக்கை விரிப்பு துவைக்கிறவளுக்கும் மீட்டர் செய்கிறவளுக்கும் என்ன ரகசியம்?

பிறகு அந்த வயர். சோதனைப் பெட்டியை அவர்கள் பீரோ என்பார்கள், பார்க்க இரும்பு பீரோ மாதிரியே இருப்பதால். அதற்குள்தான் மணிகள் காய்ந்து நனையும். அண்ணி ஒருநாள் கீழே விழுந்த ஸ்குரூவைத் தேடிக் குனிந்தபோது, பீரோவின் பின்பக்கம் ஒரு மெல்லிய கறுப்பு வயர் ஓடுவதைக் கண்டாள். அவளுக்குத் தெரிந்த வரைபடத்தில் அப்படி ஒரு வயர் இல்லை. அது சுவரோரமாகப் போய், கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே மறைந்தது. எண்ணை வேண்டிய இடத்தில் நிறுத்திவைக்க ஒரு கெட்டிக்காரி என்ன செய்வாளோ, அதைத்தான் இது செய்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் வீட்டில் புருஷனிடம் பேச்சுக் கொடுத்தாள். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு, எதற்கும் தலையாட்டிப் பழகிய மனிதர். சிட்டு குளித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தங்கச்சி சின்ன வயசுல பொய் சொல்லுவாளா?" என்று, பாத்திரத்தைத் துடைத்தபடி, போகிறபோக்கில் கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டார். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத நாட்களில் சிட்டு தெர்மாமீட்டரை டீயில் முக்கிவிட்டு, காய்ச்சல் என்று படுத்துக்கொள்வாளாம். ஒருநாள் டீ ரொம்பச் சூடாக இருந்துவிட, அவர்கள் அம்மா தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, இவ்வளவு காய்ச்சலில் ஆள் உயிரோடு இருக்க முடியாதே என்று அலறியடித்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணியும் பல்லைக் காட்டினாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சிட்டு வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பீரோவிலிருந்து ஒரு கைப்பிடி மணியை எடுத்து, மதியச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்தாள். தன் சொந்தப் பட்டறையில், தான் செய்த மணியைத் திருடுகிற மாதிரி இருந்தது. மூடியை அழுத்திவிட்டு நிமிர்ந்தால், சிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"சாப்பிட்டாச்சா அண்ணி?" என்றாள்.

"ஆச்சு," என்றாள் அண்ணி.

மணிகளைத் தன்னோடு படித்த தோழி ஒருத்தியிடம் கொடுத்தாள். தோழி ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை மாலை தோழி போன் செய்தாள். பூச்சு நன்றாகத்தான் இருக்கிறது, பழைய மணியைவிட எவ்வளவோ மேல் என்று முதலில் பாராட்டினாள். பிறகு அவள் சொன்ன அளவு, பட்டறைத் திரையில் இருந்ததைவிட நன்றாகக் கீழே இருந்தது. "உங்க மீட்டர்ல ஏதோ கோளாறு இருக்கும், பாரு," என்றாள். மீட்டரில் கோளாறு இல்லை, மீட்டர் செய்தவளிடம்தான் என்று அண்ணி மனதுக்குள் முடிவு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்பேட்டைக்கே விடுமுறை. வீட்டில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு அண்ணி காலையிலேயே பட்டறைக்குப் போனாள். சலவை நிலையம் பூட்டிக் கிடந்தது. எப்போதும் ஓடும் இரைச்சல் இல்லாததால் தெருவே காது அடைத்த மாதிரி இருந்தது. ஷட்டரை அரை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள்.

பீரோ விடுமுறை பார்க்காது, தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் வெளிவரும் காற்றின் சூட்டைக் காட்டும் சின்னத் திரை உண்டு. மற்ற நாட்களில் இந்த நேரத்துக்கு அது எவ்வளவு காட்டும் என்று அண்ணிக்கு மனப்பாடம். இன்று அதைவிடக் கீழே காட்டியது. கொஞ்சநஞ்சமல்ல, தோழி சொன்ன அளவுக்கே இறங்கியிருந்தது. இன்று சிட்டு இல்லை, அதனால் எண் உண்மையைச் சொல்கிறது என்று நினைத்தாள். நினைத்தது சரியாகிப்போனதில் அவளுக்கு அழுகை வந்தது. பீரோவின் பக்கவாட்டில் மண்டியிட்டு அந்தக் கறுப்பு வயரின் நுனியைத் தேடிக் கையை விட்டாள்.

பின்னால் ஷட்டர் கிறீச்சிட்டது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிட்டு குனிந்து உள்ளே வந்தாள்.

சிட்டுதான் ஆரம்பித்தாள்.

"நீங்க இன்னைக்கு வருவீங்கன்னு நினைச்சேன் அண்ணி."

"எதை வச்சு நினைச்ச?"

"இன்னைக்குத்தானே எண் விழும். மேற்பார்வையாளர் கண்ணுல படறதுக்குள்ள ஏதாவது சரிக்கட்ட வருவீங்கன்னு."

அண்ணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையிலிருந்த வயரை இழுத்துக் காட்டினாள். "சரிக்கட்டறது நானா? இது என்ன? இதை யார் போட்டது?"

"நான்தான் போட்டேன்."

"எண்ணை நிறுத்திவைக்கவா?"

சிட்டு அவளை வெறித்துப் பார்த்தாள். "என்ன சொல்றீங்க? அது சுவத்தோட சூட்டைப் பாக்கறதுக்குப் போட்ட சென்சார்."

"எந்தச் சுவரு?" என்றாள் அண்ணி.

அந்த ஒரு கேள்வியில் சிட்டுவின் முகம் மாறிவிட்டது. அண்ணிக்கு நடிக்க வராது என்பது அவளுக்குத் தெரியும். எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறவள். ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

இரண்டு மாதம் முன்பு சிட்டு பல் பிடுங்கப் போன அன்று, மணி சுடும் இரண்டாவது உலைக்கு இடம் வேண்டும் என்று அண்ணி இரண்டு சுமைதூக்கிகளை வைத்து பீரோவைச் சுவரோரம் தள்ளிவைத்திருந்தாள். சிட்டு வந்து பார்த்தபோது பீரோவின் முதுகு சுவரில் ஒட்டி நின்றது. சலவை நிலையத்துக்கும் பட்டறைக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரே சுவர். அடுத்த வாரமே சலவைக்காரி துணி உலர்த்தும் பெரிய இயந்திரம் ஒன்று வாங்கி, அதே சுவருக்கு மறுபக்கம் நிறுத்தினாள். வாரம் ஆறு நாளும் அது கொதித்துக்கொண்டிருக்கும். சுவர் சூடாகும், பீரோவின் முதுகு சூடாகும், உள்ளே வருகிற காற்றும் சூடாகும். மணிகள் தராத வெப்பத்தையும் மீட்டர் மணிகளின் கணக்கில் சேர்த்துவிடும். அதே வாரம்தான் புதுப் பூச்சும் பீரோவுக்குள் போயிற்று.

ஞாயிறுதோறும் எண் விழுவதைச் சிட்டு உள்ளே இருந்த விவரங்களில் பார்த்துவிட்டாள். சுவரில் கைவைத்துப் பார்த்தாள். சலவைக்காரியிடம் போய் விசாரித்தாள். அவள் வெள்ளந்தியாக, உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டுத்தானேம்மா மெஷினை வச்சேன் என்று சொல்லிவிட்டாள். அதோடு சிட்டு தன் முடிவுக்கு வந்துவிட்டாள். அண்ணி எல்லாம் தெரிந்துதான் பீரோவைச் சுவரில் சாய்த்திருக்கிறாள்; இரண்டாம் கட்டத்துக்காக.

"என்கிட்ட சொன்னாங்கதான்," என்றாள் அண்ணி மெதுவாக. "சத்தம் வருமே, பரவாயில்லையான்னு கேட்டாங்க. பரவாயில்லன்னு சொன்னேன். எங்க வைக்கப்போறாங்கன்னு நான் கேக்கவே இல்ல."

"அப்போ டப்பால எதை எடுத்துட்டுப் போனீங்க? நான் மணியை மாத்தறீங்கன்னு நினைச்சேன்."

"தோழிகிட்ட கொடுத்து அளந்து பாத்தேன். நீ எண்ணைத் திருத்துறியான்னு தெரிஞ்சுக்க."

இந்த இடத்தில் வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் திருடின்னு நினைச்சிருக்கீங்க," என்றாள்.

"நீயும்தான் என்னை நினைச்ச."

"நினைச்சேன். ஆனா கடவுச்சொல்லை எதுக்கு மாத்தினேன்? அந்த விவரத்தை நீங்க அழிச்சு மாட்டிக்கக் கூடாதுன்னுதான். நான் உங்களைக் காப்பாத்தப் பாத்தேன் அண்ணி. நீங்க என்னைப் பிடிக்கப் பாத்தீங்க."

அண்ணி கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. பக்கத்தில் இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் இருவரும் சுவரில் ஆளுக்கொரு கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். முதலில் குளிர்ச்சி. டீ குடித்துவிட்டு வந்து வைத்தபோது வெதுவெதுப்பு. மதியத்துக்குள் கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சூடு.

இனி என்ன செய்வது என்பதில் பேச்சு வளர்ந்தது. பீரோவைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு, இனிமேல் வருகிற எண்ணை மட்டும் காட்டினால் என்ன என்று அண்ணிக்கு ஒரு கணம் ஓடியது. ஓடியதை மறைக்காமல் வாய்விட்டே சொன்னாள். ஏற்கனவே அனுப்பிய அறிக்கைகளில் சூடான சுவரின் எண்கள் இருக்கின்றனவே என்றாள் சிட்டு. அதுவுமில்லாமல், மறைத்தால் நாளைக்கு இதை வைத்து நாமே ஒருவரையொருவர் சந்தேகப்படுவோம் என்றாள். அது அண்ணிக்குச் சுருக்கென்றது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி மேற்பார்வையாளருக்கு எழுதி அனுப்பினார்கள். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரியைப் படித்துப் படித்து அண்ணிக்குத் தூக்கம் போனது.

மேற்பார்வையாளர் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். டீ வேண்டாம் என்றார். தண்ணீர்கூட வேண்டாம் என்று தன் பாட்டிலை மேஜையில் வைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அவர்கள் வாராவாரம் அனுப்பிய நாள்வாரி எண்களைக் கோடாக வரைந்த படம். ஒவ்வொரு ஞாயிறும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"உங்க கடிதம் வர்றதுக்கு முன்னாடியே இதைப் பாத்துட்டேன்," என்றார். "லீவு நாள்ல மட்டும் எண் விழுதுன்னா, மத்த நாள்ல யாரோ கைவைக்கறாங்கன்னுதான் நினைச்சேன். இப்பவும் அந்த நினைப்பு முழுசாப் போகல. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதினீங்களோ என்னவோ."

சிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்றார். முதலில் அண்ணியைக் கண்ணாடித் தடுப்பு அறைக்குள் கூப்பிட்டார். பீரோவை யார் நகர்த்தியது, எதற்கு, அப்போது யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். அண்ணி உள்ளதைச் சொன்னாள். நான்தான் நகர்த்தினேன், சிட்டு அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் இருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றாள். பிறகு சிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு வெளியே நின்ற அண்ணிக்குப் பேச்சு கேட்கவில்லை, முகம் மட்டும் தெரிந்தது. சிட்டு கண் இமைக்காமல், நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொல்கிறாள்? எல்லாம் அண்ணிதான் செய்தாள் என்கிறாளா? சலவைக்காரி சொன்னதை எடுத்து வைக்கிறாளா? அப்படியே வைத்தாலும் அதில் தப்பு இல்லையே, பிடிக்கப் பார்த்தவள் நான்தானே என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், பாவி, என்ன சொல்லித் தொலைக்கிறாளோ என்று அடித்துக்கொண்டது.

மேற்பார்வையாளர் கதவைத் திறந்து அண்ணியையும் உள்ளே அழைத்தார்.

"நீங்க தனியா நகத்தினதா சொல்றீங்க. இவங்க, ரெண்டு பேரும் சேர்ந்து நகத்தினோம், சுவரைப் பத்தி ரெண்டு பேருமே யோசிக்கலன்னு சொல்றாங்க. இதுல ஒண்ணு பொய்."

அண்ணி திரும்பிச் சிட்டுவைப் பார்த்தாள். சிட்டுவின் காது மடல் சிவந்திருந்தது.

"நான் சொன்னதுதான் பொய்," என்றாள் சிட்டு. "அன்னைக்கு நான் இங்க இல்ல."

"எதுக்குச் சொன்னீங்க?"

"எல்லாம் அண்ணி ஒருத்தர் தலையிலயே விழக்கூடாதுன்னு."

மேற்பார்வையாளர் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இத்தனை நாள் எண் தப்பா இருந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. அது ஒருத்தரும் வேணும்னு செஞ்சதா இல்லாம இருக்கலாம். ஆனா இப்ப, என் முன்னாடி உக்காந்து, நீங்க வேணும்னே ஒரு பொய் சொல்லியிருக்கீங்க. இதை நான் எழுதாம இருக்க முடியாது."

எழுதினார். அதோடு விடவில்லை. தானே எழுந்து பக்கத்துக்குப் போய் உலர்த்தும் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சலவைக்காரியிடம் அது என்றைக்கு வந்தது என்று கேட்டார். அவள் பயந்துபோய், நான் அண்ணிகிட்ட சொல்லிட்டுத்தான் வச்சேன் சார் என்று அவரிடமும் ஒப்பித்தாள். சுமைதூக்கி ஒருவரை போனில் பிடித்துப் பேசினார். பிறகு பட்டறைச் சுவரில் நெடுநேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். போகும்போது இருவரையும் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று பூராவும் பேசியும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முடிவு வருவதற்குள் அண்ணி பாதியாக இளைத்தாள். கடைசியில் வந்தது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வேண்டுமென்று ஏமாற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் இதுவரை அனுப்பிய எண்கள் செல்லாது. இரண்டாம் கட்டம் இந்த முறை இல்லை. கையில் மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு சோதனையை முதலிலிருந்து செய்யலாம், அதற்குக் காலம் நீட்டித்துத் தரப்படும். இனி ஒவ்வொரு முடிவையும் வெளி ஆய்வுக்கூடம் ஒன்று சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது அவமானமாக இருக்கும் என்று அண்ணி நினைத்தாள். மாறாக, நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. சிட்டுவைப் பார்த்தால் அவளுக்கும் அப்படித்தான் என்று தெரிந்தது.

பீரோவைப் பட்டறையின் நட்டநடுவில் நிறுத்தினார்கள். சுற்றிலும் ஆள் நடக்க இடம் விட்டார்கள். அதன் முதுகுக்குப் புதிதாக வெப்பக் காப்பு போர்த்தினார்கள். இந்த முறை எண் இறங்கியது. பழைய மணிகள் இறங்கிய வேகத்தில் இல்லை. தேய்ந்து தேய்ந்து, தயங்கித் தயங்கி இறங்கியது. வெளி ஆய்வுக்கூடமும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. பூச்சு அதிசயம் இல்லை, ஆனால் உருப்படியானது. அடுத்த வருஷம் அதை வைத்தே இரண்டாம் கட்டம் கிடைத்தது. கேட்டதைவிடக் குறைவாகத்தான் கொடுத்தார்கள்.

வேலை ஒழுங்காக நடந்தது. புதுக் கடவுச்சொல் இருவருக்கும் தெரியும். ஆனால் அண்ணியால் ஒன்றை மறக்க முடியவில்லை. அன்று கண்ணாடிக்குப் பின்னால் சிட்டு எவ்வளவு நிதானமாகப் பொய் சொன்னாள். தனக்காகச் சொன்ன பொய்தான். இருந்தும், வீட்டில் ஏதாவது சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, இவள் இப்போது சொல்வது நிஜமா என்று ஒரு நொடி முகத்தைப் பார்ப்பாள். பார்ப்பது சிட்டுவுக்குத் தெரியும். அவளும் சும்மா இல்லை. ஒவ்வொரு சுற்றின் விவரத்தையும் தனியே ஒரு பிரதி எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். அது அண்ணிக்குத் தெரியும். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாம் கட்டம் தொடங்கிய கொஞ்ச நாளில், பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு அறை வாடகைக்குக் கிடைத்திருக்கிறது, போய்வர வசதி என்று சிட்டு சொன்னாள். அண்ணி தடுக்கவில்லை. நல்ல வெளிச்சமான அறையா, தண்ணீர் வருமா என்று மட்டும் விசாரித்தாள். புது மெத்தை வாங்க இருவரும் சேர்ந்துதான் கடைக்குப் போனார்கள். எது முதுகுக்கு நல்லது என்று கடைக்காரரை ஒரு மணி நேரம் படுத்தி எடுத்தார்கள்.

சாமான்களை ஏற்றிப்போன அன்று மருந்துக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்து மாடிப்படியில் மூச்சு வாங்க மெத்தையைத் தூக்கினார். வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மனைவியையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்குள்ள என்னதான் சண்டை? என்கிட்டயாவது சொல்லுங்க," என்றார்.

"சண்டையா? ஒண்ணும் இல்லையே," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு, ஜன்னலுக்குத் திரை எந்த நிறத்தில் போடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர் தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை. வீடு திரும்பும்போது வழி நெடுக, பக்கத்தில் நடந்து வந்த மனைவியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார்.